பேஸ்மென்ற்றில் தண்ணீர்: சம்ப் பம்ப்பும் மாற்றுப் பம்ப்பும் கைவிடும்போது எங்கே பார்ப்பது

பேஸ்மென்ற் தரையில் நிலத்தடி நீர் வந்து சேருகிற குழிதான் சம்ப் குழி, அந்த நீரை வீட்டுக்கு வெளியே தள்ளுவது சம்ப் பம்ப். ரொறன்ரோவிலும் சுற்றியும், ஸ்காபுறோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் சொந்தக்காரர், தெரிந்தவர் வீடுகளில் அந்தக் குழிக்குள் கையை விட்டுப் பார்க்கத் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. நான் லைசென்ஸ் உள்ள பிளம்பர் இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டுப் பிழைதான். அதில் பாதிக்கு மேல் காசு செலவில்லாமல் தீர்ந்துவிடும்.

2024 ஜூலை 16 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 97.8 மி.மீ. மழை கொட்டியது. அதே நாளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட ரொறன்ரோ இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லாமல் போனது. 2013 ஜூலை 8 அன்று 126 மி.மீ. மழை, அன்றும் அதே கதைதான். பம்ப் மிகவும் தேவைப்படுகிற நேரமும் கரண்ட் போகிற நேரமும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே கரண்ட் போனாலும் பற்றறியில் ஓடுகிற மாற்றுப் பம்ப்பை ஒரு கூடுதல் வசதியாக நான் பார்ப்பதில்லை. பேஸ்மென்ற்றில் பிள்ளைகளோ வாடகைக்கு ஆட்களோ இருக்கிற வீட்டில் அது கட்டாயம்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். முதல் இரண்டு பகுதியையும் வாசித்துவிட்டு, உங்கள் வீட்டில் இப்போது நடப்பது எதுவோ, நேரே அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் சுலபமானது முதலில், செலவு கூடியது கடைசியில்.

கைவைக்க முன்

தண்ணீர் பிளக் பொயின்ற் உயரத்துக்கோ, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் அடிக்கோ, தரையில் கிடக்கும் வயர்களுக்கோ வந்துவிட்டால் உள்ளே இறங்காதீர்கள். பிறேக்கர் பெட்டியும் பேஸ்மென்ற்றில்தான் இருக்கிறது, போய் அணைத்துவிட்டு வருகிறேன் என்று ஈரத் தரையில் நடக்கவும் கூடாது. கரண்ட் தரும் நிறுவனத்தை அழைத்து வெளியிலிருந்தே துண்டிக்கச் சொல்லுங்கள். ரொறன்ரோ என்றால் ரொறன்ரோ ஹைட்ரோ; மார்க்கம், பிரம்டன், மிசிசாகா பக்கம் அலெக்ட்ரா; ஏஜக்ஸ், பிக்கறிங் பக்கம் எலெக்சிகன்.

குழிக்குள் கைவிடுவதற்கு முன் இரண்டு பம்ப்பின் பிளக்கையும் கழற்றுங்கள். பற்றறிப் பம்ப்பின் வயரையும் பற்றறியிலிருந்து எடுங்கள். தண்ணீரோடு சேர்ந்து உயருகிற மிதவைதான் பம்ப்புக்குச் சுவிச், அது கொஞ்சம் உயர்ந்தாலே பம்ப் தானாக ஓடத் தொடங்கும், விரல் உள்ளே இருக்கிறதா என்று பார்க்காது.

தண்ணீர் குழியிலிருந்தா, தரை வடிகாலிலிருந்தா?

இதை முதலில் முடிவு செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

*குழி விளிம்பு வழிந்து, நிறமில்லாமல் அல்லது மண் நிறத்தில், நாற்றமில்லாமல் வருகிறதா?* அது நிலத்தடி நீர். அத்திவாரத்தைச் சுற்றிப் புதைத்திருக்கும் துளைக் குழாய், அதாவது வீப்பிங் ரைல், அதைக் குழிக்குள் கொண்டுவருகிறது. கீழே வரும் தலைப்புகள் உங்களுக்கானவை.

*உடுப்புத் தோய்க்கும் இடத்து வடிகாலிலிருந்தோ, பேஸ்மென்ற் கழிவறையிலிருந்தோ கறுத்து, நாற்றத்தோடு வருகிறதா?* அது சாக்கடை திரும்பி வருவது. எந்தச் சம்ப் பம்ப்பும் அதற்கு உதவாது. உடனே வீட்டில் குழாய், ஃபிளஷ், தோய்க்கும் இயந்திரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மேலே குளித்தால் அந்தத் தண்ணீரும் கீழேதான் வரும். வீட்டில் பாக்வோட்டர் வால்வு, அதாவது சாக்கடை திரும்பி வராமல் மூடிக்கொள்ளும் வால்வு, இருந்தால் இது இன்னும் முக்கியம். தெருச் சாக்கடை நிறைந்து அந்த வால்வு மூடிக்கொண்ட நேரத்தில் நீங்கள் விடுகிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. சொந்த வீட்டுத் தண்ணீரிலேயே பேஸ்மென்ற்றை நிரப்பிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ரொறன்ரோவில் நகரசபையின் 311 எண்ணை அழையுங்கள், நகரசபைப் பக்கத்துக் குழாயை அவர்கள் பார்ப்பார்கள். உங்கள் பக்கம் என்றால் பிளம்பர். இதில் சொந்தக் கைவேலை வேண்டாம், கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம்.

அறிகுறி 1: குழி நிறைகிறது, பம்ப் அசையவே இல்லை

*கரண்ட் வருகிறதா?* ஒரு மேசை விளக்கைக் கொண்டுபோய் அதே பொயின்ற்றில் செருகிப் பாருங்கள். ‘ரெஸ்ற்', ‘றீசெற்' என்று இரண்டு சின்னப் பொத்தான் உள்ள பொயின்ற் என்றால் றீசெற்றை அமத்துங்கள். அது இன்னோர் அறையிலும் இருக்கலாம், அங்கே அது விழுந்தால் இங்கேயும் கரண்ட் நிற்கும். பிறேக்கரையும் பாருங்கள். ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். இரண்டாம் முறையும் விழுந்தால் பம்ப்புக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம், திரும்பத் திரும்பப் போடாதீர்கள்.

*மிதவை எங்கே நிற்கிறது?* அசையாத பம்ப்புகளில் நான் அதிகம் கண்டது இதைத்தான். பம்ப் ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதிர்ந்து அதிர்ந்து குழிக்குள் மெல்ல நகரும். ஒரு நாள் மிதவை குழிச் சுவரில் முட்டி நிற்கும், அல்லது அதன் வயர் குழாயில் சுற்றிக்கொள்ளும். ரோர்ச் அடித்துப் பாருங்கள், ஒரு தடியால் மிதவையைத் தூக்குங்கள். ஓடினால் பம்ப் நல்லது. பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, மிதவை எந்தப் பக்கமும் முட்டாதபடி பம்ப்பைத் திருப்பி வையுங்கள். அடியில் ஒரு தட்டையான கல் வைத்தால் நகர்வதும் குறையும், சேறு உறிஞ்சுவதும் குறையும்.

*மிதவையைத் தூக்கியும் ஓடவில்லையா?* பிளக்கைக் கவனியுங்கள். பல பம்ப்புகளில் சுவரில் ஒரு பிளக் இருக்கும், அதன் முதுகில் இன்னொரு பிளக் செருகியிருக்கும். சுவரில் இருப்பது மிதவையுடையது, அதன் முதுகில் இருப்பது பம்ப்புடையது. பம்ப்பின் பிளக்கைப் பிரித்து நேரே சுவரில் செருகுங்கள். ஓடினால் மிதவைச் சுவிச் மட்டும்தான் பழுது, அது தனியாகக் கிடைக்கும். அன்றிரவு முழுக்க ஆள் காவல் இருந்து, குழி நிறையும்போது செருகி, வற்றும்போது கழற்றிச் சமாளிக்கலாம். தண்ணீர் வற்றியபின் ஓட விடாதீர்கள், மோட்டர் சூடேறிப் போகும்.

நேரே செருகியும் சத்தமில்லை என்றால் மோட்டர் போய்விட்டது. 7 முதல் 10 வருடம் ஓடிய பம்ப்பைத் திருத்த நினைக்க வேண்டாம், புதிது போடுங்கள்.

*எப்போது அழைப்பது:* பொயின்ற்றிலேயே கரண்ட் இல்லை, பிறேக்கரும் சரியாக இருக்கிறது என்றால் எலெக்ற்றீசியன். ஒன்ராறியோவில் கூலிக்குக் கரண்ட் வேலை செய்கிறவர் லைசென்ஸ் உள்ள ஒப்பந்தக்காரராக இருக்கவேண்டும். ‘தெரிந்த பெடியன்' வேண்டாம்.

அறிகுறி 2: பம்ப் உறுமுகிறது, தண்ணீர் குறையவில்லை

"தம்பி, மோட்டர் உறுமிக்கொண்டே நிக்குது, தண்ணி ஒரு சொட்டும் இறங்கேல்லை" என்று ஒரு மாமி மார்ச் மாதத்து ஞாயிறு காலையில் அழைத்தார். போய் மூடியைத் திறந்தால் குழாயில் சுற்றிச் சுற்றிக் கறுப்பு ரேப். "அதிலயிருந்து தண்ணி பீச்சிச்சு, அதான் மாமா சுத்தினவர்" என்றார். அந்த ரேப்பைக் கிழித்ததும் ஒரு ‘புஸ்' சத்தம், காற்று வெளியேறியது, தண்ணீர் மேலே ஏறிப் போனது.

ரேப்புக்குக் கீழே இருந்த துளை வேண்டுமென்றே போட்டது. செக் வால்வுக்கு, அதாவது அனுப்பிய தண்ணீர் குழிக்குத் திரும்பாமல் தடுக்கும் வால்வுக்குக் கீழே, குழிக்குள் இருக்கிற குழாயில் 3 மி.மீ. அளவில் இருக்கும். பம்ப்புக்கும் வால்வுக்கும் நடுவில் காற்று அடைபட்டால் அதன் வழியாகத்தான் வெளியேறும். பம்ப் ஓடும்போது அதிலிருந்து கொஞ்சம் தண்ணீர் பீச்சுவது சரியானதே. அடைந்திருந்தால் ஒரு கம்பியால் குத்துங்கள். சில பம்ப்புகளில் அந்தத் துளை பம்ப்பின் உடலிலேயே இருக்கும், கையேட்டைப் பாருங்கள்.

துளை திறந்திருந்தும் போகவில்லையா? வெளியே போங்கள். குழாயின் வெளிவாயில் உறைந்திருக்கிறதா, இலை, அணில் கூடு, ஸ்நோ அடைத்திருக்கிறதா? குளிர்காலம் முடிந்து ஸ்நோ உருகுகிற வாரங்களில் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இதற்குத்தான். சுவருக்கு வெளியே நெளிவுக் குழாய் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் சுவரோரம் விழுந்தாலும் அந்த நேரத்துக்கு அது பேஸ்மென்ற்றுக்குள் விழுவதைவிட நல்லது. குழாய் சுவருக்குள்ளேயே உறைந்திருந்தால் நெருப்புக் காட்டாதீர்கள், பிளம்பரை அழையுங்கள்.

வெளிவாயும் சரி என்றால் செக் வால்வு. அதில் உள்ள அம்புக்குறி மேல்நோக்கி இருக்கவேண்டும். தலைகீழாகப் பொருத்திய வால்வை இரண்டு வீடுகளில் பார்த்தேன், இரண்டும் புதிதாகப் போட்ட பம்ப்புகள். ரப்பர் இணைப்பின் கிளாம்ப்பைத் தளர்த்தினால் கழன்று வரும், குழாயில் நிற்கிற தண்ணீர் கொட்டும் என்பதால் வாளி பிடியுங்கள். கடைசியாகப் பம்ப்பை வெளியே எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சரளைக் கல், பிளாஸ்ரிக் துண்டு, கட்டியவர்கள் விட்டுப்போன மரச்சிராய் எல்லாம் தண்ணீரைத் தள்ளும் இறக்கையில் சிக்கியிருக்கும். சுத்தப்படுத்திய பிறகும் இறக்கை கையால் சுழலவில்லை என்றால் புதிய பம்ப்.

அறிகுறி 3: நிற்காமல் ஓடுகிறது, அல்லது நிமிடத்துக்கு ஒருதரம் ஓடுகிறது

ஒரு முறை ஓடி முடிந்ததும் காது கொடுத்துக் கேளுங்கள். ‘தடக்' என்று ஒரு சத்தம், பிறகு அமைதி என்றால் செக் வால்வு மூடிவிட்டது. சத்தத்துக்குப் பதிலாகச் சலசலவென்று தண்ணீர் திரும்பி விழுந்தால் வால்வு தேய்ந்துவிட்டது. அனுப்பிய தண்ணீரையே பம்ப் மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கிறது. சில பத்து டொலர்ச் சாமான்தான், மாற்றுங்கள்.

வால்வு நல்லது என்றால் மழையில் குடையோடு வெளியே போய்ப் பாருங்கள். பம்ப் கொட்டுகிற இடம் வீட்டிலிருந்து 2 மீற்றராவது தள்ளி இருக்கிறதா? நிலம் வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறதா? பீலிக் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா? ஒரு பீலிக் குழாய்க்கு நீட்டுத் துண்டு மாட்டியதோடு பம்ப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று இறங்கிய வீடு உண்டு. இதைவிட மலிவான வைத்தியம் இல்லை. தொல்லையாக இருக்கிறதென்று பம்ப் குழாயைச் சாக்கடைக்குள் திருப்பி விடாதீர்கள், ரொறன்ரோவில் அது சட்டப்படி தவறு.

இரண்டு வாரமாக மழையே இல்லை, ஆனாலும் ஓடுகிறதா? வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீற்றரைப் பாருங்கள். சுழன்றால் உங்கள் வீட்டுக் குழாய் எங்கோ கசிகிறது. சுழலவில்லை என்றால் தெருக் குழாய் உடைந்திருக்கலாம், 311-க்குச் சொல்லுங்கள். இரண்டும் இல்லையென்றால் உங்கள் வீட்டின் கீழே நிலத்தடி நீர் உயரமாக இருக்கிறது. மிதவையைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் ஓடும் தடவைகள் குறையும், ஆனால் குழிக்குள் வருகிற குழாயின் வாய்க்கு மேலே தண்ணீர் நிற்கிற அளவுக்கு உயர்த்த வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று அளந்தும் வையுங்கள். 18 அங்குல அகலக் குழியில் 1 அங்குல உயரம் என்பது 4 லீற்றருக்குச் சற்றுக் கூட. பம்ப்பை நிறுத்தி, அடிமட்டத்தைப் பிடித்து, ஒரு நிமிடத்தில் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று பாருங்கள். 3 அங்குலம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 12 லீற்றர். நல்ல மழையின்போது எடுத்த இந்த எண்ணைக் குழி மூடியில் மார்க்கரால் எழுதுங்கள். புதிய பம்ப் வாங்கும்போதும் பிளம்பரிடம் பேசும்போதும் இதுதான் கைகொடுக்கும்.

அறிகுறி 4: கரண்ட் போனது, பற்றறிப் பம்ப்பும் ஓடவில்லை

இதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். காசு கொடுத்து மாற்றுப் பம்ப் வைத்திருந்தும் நனைந்த வீடுகளைப் பார்க்கும்போது மனம் தாங்குவதில்லை.

*சார்ஜர் செருகியிருக்கிறதா?* தூசி உறிஞ்சும் இயந்திரம் போடவோ, ஈரம் உறிஞ்சும் பெட்டி போடவோ யாரோ அந்தப் பிளக்கைக் கழற்றியிருப்பார்கள், திரும்பச் செருக மறந்திருப்பார்கள். பற்றறி மாதக்கணக்காகப் பட்டினி கிடந்திருக்கும். அந்தப் பிளக்குக்கு மேல் ‘கழற்றாதே' என்று பெரிய எழுத்தில், வாடகைக்கு இருப்பவருக்கும் புரிகிற மொழியில் ஒட்டுங்கள்.

*பற்றறி முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி?* வயர்களைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, உலரவிட்டு இறுக்குங்கள். முதலில் கழற்றுவது கறுப்பு, கடைசியில் மாட்டுவதும் கறுப்பு. சிவப்பு வயரில் ஃபியூஸ் இருக்கும், அதையும் பாருங்கள்.

*வோல்ற் எவ்வளவு?* சார்ஜரை எடுத்துவிட்டுச் சில மணிநேரம் கழித்து அளக்கவேண்டும், உடனே அளந்தால் பொய் சொல்லும். 12.6-க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 அளவில் என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் இரவு தாங்காது. இரவு முழுக்கச் சார்ஜ் பண்ணியும் ஏறவில்லை என்றால் பற்றறியை மாற்றுங்கள். 3 முதல் 5 வருடம்தான் அதன் ஆயுள். வாங்கிய மாதத்தைப் பற்றறி மேலேயே எழுதி வையுங்கள்.

*அது எந்த வகைப் பற்றறி?* கார் பற்றறியை வைத்துச் சமாளித்த வீடுகள் உண்டு. அது ஒரு நொடி பலமாகத் தள்ளுவதற்குச் செய்தது, மணிக்கணக்காக மெல்லக் கொடுப்பதற்கு அல்ல. டீப் சைக்கிள் என்று போட்டிருப்பதுதான் வேண்டும். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் காய்ச்சி வடித்த நீர் மட்டும், குழாய்த் தண்ணீர் கூடாது. சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு வரும், அலமாரிக்குள் அடைத்து வைக்காதீர்கள்.

*பற்றறி நல்லது, மோட்டரும் சுழல்கிறது, தண்ணீர் போகவில்லையா?* இரண்டு பம்ப்பும் ஒரே குழாயில் சேர்ந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செக் வால்வு இருக்கவேண்டும். இல்லையென்றால் ஒன்று தள்ளுவது மற்றதன் வழியாகக் குழிக்கே திரும்பும். வருடக்கணக்காக ஓடாத வால்வின் தட்டு ஒட்டிக்கொள்வதும் உண்டு. என்னைக் கேட்டால் மாற்றுப் பம்ப்புக்குத் தனிக் குழாய், தனி வெளிவாய். ஒரே வாய் உறைந்தால் இரண்டு பம்ப்பும் சேர்ந்தே செத்த மாதிரி.

கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள ரெஸ்ற் பொத்தானை அமத்திவிட்டுச் சரி என்று போகாதீர்கள். அது மோட்டர் சுழலும் என்று மட்டும் சொல்லும், தண்ணீர் வெளியே போகும் என்று சொல்லாது. முதன்மைப் பம்ப்பின் பிளக்கைக் கழற்றுங்கள், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள், ஒருவர் வெளியே வாயடியில் நிற்கட்டும். அவர் "வருது" என்று கத்தினால்தான் பம்ப் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்நோ உருகத் தொடங்குவதற்கு முன் ஒருமுறை, ஜூன் கடைசியில் ஒருமுறை.

*ஓடியது, பாதி இரவில் நின்றது* என்றால் கணக்கைப் பாருங்கள். 75 அம்பியர்-மணிப் பற்றறி, 12 அம்பியர் இழுக்கும் பம்ப்: நிற்காமல் ஓடினால் 6 மணிநேரம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் ஓடினால் தாளில் 30 மணிநேரம். பழைய பற்றறி என்றால் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013 டிசம்பர் பனிமழையில் சுமார் 3 இலட்சம் ரொறன்ரோ இணைப்புகள் இருளில் கிடந்தன, சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல். அப்படியான நாளுக்கு இரண்டாவது பற்றறி அல்லது ஜெனரேற்றர்தான். ஜெனரேற்றர் வீட்டுக்கு வெளியே, கதவு யன்னலிலிருந்து 6 மீற்றராவது தள்ளி. கராஜுக்குள் கதவைத் திறந்து வைத்து ஓட்டினாலும் புகை உயிரை எடுக்கும், அதற்கு வாசனையும் இல்லை. வீட்டு வயரோடு நேரே இணைக்காதீர்கள், அது எலெக்ற்றீசியன் வேலை.

அறிகுறி 5: பற்றறிப் பெட்டி விடாமல் கத்துகிறது

பல வீடுகளில் இதை ‘மியூற்' பண்ணிவிட்டு மறந்துவிடுகிறார்கள். கையேட்டில் எந்த விளக்கு எதற்கு என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று: பற்றறி தளர்ந்துவிட்டது, பற்றறியில் நீர் குறைந்துவிட்டது, அல்லது முதன்மைப் பம்ப் ஓடாமல் மாற்றுப் பம்ப் வேலை செய்துகொண்டிருக்கிறது. மூன்றாவதுதான் அவசரம். கரண்ட் இருக்கும்போது அது கத்தினால் அறிகுறி 1-க்குப் போங்கள்.

அறிகுறி 6: இரண்டும் ஓடுகின்றன, ஆனாலும் ஏறுகிறது

பம்ப் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண் தண்ணீரை உயர்த்தாமல் ஓட்டினால் வருவது. 10 அடி உயரத்துக்கான எண்ணைத் தேடுங்கள். மூன்றில் ஒரு பங்கு குதிரைவலுப் பம்ப் அந்த உயரத்துக்கு நிமிடம் 100 லீற்றருக்கு மேல் தள்ளும். பற்றறிப் பம்ப்புகள் பலவும் 60, 70 லீற்றரோடு நிற்கும். அறிகுறி 3-இல் சொன்னபடி அளந்து குழி மூடியில் எழுதிய எண் அதற்குக் கிட்ட வந்தால் பெரிய பம்ப் வேண்டும். எண் அதைவிட மிகக் குறைவு என்றால் பம்ப்பைக் குறை சொல்லாதீர்கள், குழாயில் பாதி அடைப்பு அல்லது தேய்ந்த இறக்கை.

குழியிலும் குழாயிலும் செம்மஞ்சள் நிறத்தில் கூழ் மாதிரி ஒட்டியிருந்தால் அது இரும்புச் சத்துள்ள நிலத்தில் பாக்ரீரியாவால் வருவது. கையால் வழித்தெடுக்கலாம், ஆனால் திரும்ப வரும். வீப்பிங் ரைலுக்குள்ளும் அடைந்திருக்கும் என்பதால் அதைக் கழுவிவிடத் தெரிந்த ஆட்களைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 7: குழி காய்ந்து கிடக்கிறது, தரை மட்டும் ஈரம்

பம்ப்பை விடுங்கள். சுடுதண்ணீர்த் தாங்கியின் அடி, ஃபேர்னஸின் வடிகுழாய், யன்னல் குழியில் இலை அடைப்பு, சுவர் வெடிப்பு என்று இந்த ஒழுங்கில் பாருங்கள். கோடையில் என்றால் ஒரு பிளாஸ்ரிக் துண்டைத் தரையில் நான்கு பக்கமும் ரேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மேலே வியர்த்தால் காற்றின் ஈரம், ஈரம் உறிஞ்சும் பெட்டி போதும். கீழ்ப்பக்கம் நனைந்தால் நிலத்திலிருந்து வருகிறது.

மழைக்குப் பிறகு சுவரும் தரையும் சேர்கிற ஓரத்தில் வரிசையாகக் கசிந்து, குழியும் காய்ந்தே இருந்தால் வீப்பிங் ரைல் அடைந்திருக்கலாம். சம்ப் குழியே இல்லாத பழைய வீடுகளும் நிறைய உண்டு, அவற்றின் வீப்பிங் ரைல் நேரே சாக்கடையோடு சேர்ந்திருக்கும். இரண்டும் பெரிய வேலை. மூன்று பேரிடம் விலை கேளுங்கள். வெளியே தோண்டுவதென்றால் ‘ஒன்ராறியோ வன் கோல்' மூலம் நிலத்தடி வயர், காஸ் குழாய்களை முதலில் குறிக்கச் சொல்லுங்கள், அது இலவசம். ரொறன்ரோ வீடு என்றால் சம்ப் பம்ப்புக்கும் பாக்வோட்டர் வால்வுக்கும் நகரசபை உதவித்தொகை உண்டு, வேலை தொடங்குவதற்கு முன்பே நிபந்தனைகளை 311-இல் கேட்டு, பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

நனைந்த கார்ப்பெற், சுவர்ப் பலகையை 24 முதல் 48 மணிநேரத்துக்குள் உலர்த்தவேண்டும், பிறகு பூஞ்சை பிடித்துவிடும். எதையும் வெளியே எறிவதற்கு முன் படம் எடுங்கள், காப்புறுதிக்காரரை அழையுங்கள். சாக்கடை திரும்புவதற்கான காப்பு அநேகமாகத் தனியாகச் சேர்க்கவேண்டிய ஒன்று. உங்கள் பத்திரத்தில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம்.